ஒரு பருவத்து ஆசிரியை

ஓர் ஆசிரியரைப் பற்றிப் பின்னால் வருகிறவர்கள் அறிவதெல்லாம் பெரும்பாலும் அவருடைய மாணவர்கள் சொல்லி அறிந்தவையே. மாணவர்களின் அன்பைப் பெற்றவருக்கு இது பெரும்பேறு. அவர் எழுதாமல் விட்டவைகூட அவர்களுடைய நினைவில் எழுதப்பட்டுவிடுகின்றன. அந்த அன்பைப் பெறாமற்போனவரின் நிலை வேறு. வகுப்பறையில் நடந்தவற்றுக்குச் சாட்சி சொல்ல வருகிறவர்களே அவர்மீது தீர்ப்பும் எழுதுகிறார்கள், அதுவும் அவர் பதில் சொல்ல இயலாத காலத்தில். பதினான்கு வயதில் பட்ட காயம் அரை நூற்றாண்டு கழித்துச் சொல்லப்படும்போதும் ஆறாததாகவே இருக்கிறது. மேசைக்குப் பின்னால் நின்றவருக்கும் வலித்திருக்கும் என்ற எண்ணத்துக்கு அந்த நினைவில் இடம் கிடைப்பது அரிது.

இவ்வாறு ஒரே பருவம் பாடம் நடத்தி, அந்த ஒரு பருவத்துக்காகவே உலகம் முழுவதும் வெறுக்கப்பட்டவர் எலைசா ஜேன் வைல்டர். அமெரிக்கக் குழந்தை இலக்கியத்தில் மிகப் பரவலாக வாசிக்கப்பட்ட ‘லிட்டில் ஹவுஸ்’ நூல்வரிசையை எழுதிய லாரா இங்கல்ஸ் வைல்டர், 1941-இல் வெளிவந்த ‘லிட்டில் டவுன் ஆன் த ப்ரெய்ரி’ என்ற நூலில் இந்த ஆசிரியையைச் சித்திரித்திருக்கிறார். டகோட்டாப் பிரதேசத்தில், இன்று தெற்கு டகோட்டா மாநிலத்தைச் சேர்ந்த டி ஸ்மெட் என்ற சிற்றூரின் பள்ளிக்கூடம் கதையின் களம். நூலாசிரியரே லாரா என்ற பதினான்கு வயது மாணவியாகக் கதைக்குள் வருகிறார். தன்னைப் படர்க்கையில் நிறுத்தி எழுதியதால், ஒரு சிறுமியின் மனத்தாங்கல் அங்கே நடுநிலையான வரலாற்றின் தொனியைப் பெற்றுவிடுகிறது. நூலைப் படித்து முடிக்கும் வாசகர் எலைசா ஜேனை மன்னிப்பதில்லை. அந்தத் தீர்ப்பை மறுபரிசீலனை செய்வதற்கான சான்றுகள் அதே மாணவியின் மற்ற நூல்களிலேயே சிதறிக் கிடக்கின்றன. அவற்றைச் சேர்த்துவைத்துப் படிக்கும்போது, தோற்றுப்போன ஓர் ஆசிரியையின் முகம் சிறிது சிறிதாகத் தெளிகிறது.

அதற்குமுன் அந்தப் பள்ளிக்கூடம் எத்தகையது என்பதை அறிந்தாக வேண்டும். ‘ஃபிரன்டியர்’ என்று அமெரிக்கர்கள் வழங்கிய சொல் இரு நாடுகளுக்கு இடையிலான எல்லைக்கோட்டைக் குறிப்பதன்று. கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி வெள்ளையர் குடியேற்றம் நகர்ந்துகொண்டே போனபோது, குடியேற்றம் எட்டிய கடைசி விளிம்பை அது குறித்தது. அந்த விளிம்புக்கு அப்பால் வெற்றிடம் இருந்ததாகக் குடியேறிகள் எழுதிக்கொண்டாலும், அது டகோட்டா, லகோட்டா முதலிய மக்களின் நிலம் என்பதும், ஒப்பந்தங்களாலும் போராலும் அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது என்பதும் மறக்கத்தக்கவை அல்ல. 1862-ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டம், 160 ஏக்கர் நிலத்தில் ஐந்தாண்டுகள் குடியிருந்து பயிரிட்டவருக்கு அதை உரிமையாக்கியது. 21 வயது நிறைந்த மணமாகாத பெண்களும் அச்சட்டத்தின்கீழ் நிலம் கோரலாம். சிகாகோ அண்ட் நார்த் வெஸ்டர்ன் இருப்புப்பாதை வந்ததை ஒட்டி 1880-இல் டி ஸ்மெட் ஊர் எழுந்தது. அந்த ஆண்டு அக்டோபரிலேயே தொடங்கிய பனிப்புயல்கள் மாதக்கணக்கில் ரயிலை நிறுத்தி ஊரைப் பட்டினியின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தின. ஊரின் முதல் பள்ளியும் அந்தக் குளிர்காலத்தில் மூடிக்கிடந்தது.

பள்ளிக்கூடம் என்பது ஒற்றை அறை, ஒற்றை அடுப்பு, ஒற்றை ஆசிரியர். நில அளவையில் ஆறு மைல் நீளமும் ஆறு மைல் அகலமும் கொண்ட பரப்பு ஒரு ‘டவுன்ஷிப்’ எனப்பட்டது; அதை 36 சதுரங்களாகப் பிரித்து, 16-ஆம் சதுரத்தைப் பள்ளிக்கென ஒதுக்கும் வழக்கம் 1785-ஆம் ஆண்டு நிலச் சட்டத்திலேயே தொடங்கிவிட்டது. டகோட்டாவில் 36-ஆம் சதுரமும் சேர்த்து ஒதுக்கப்பட்டது. காகிதத்தில் இது பெரிய கொடைதான்; ஆனால் அன்றாடச் செலவு உள்ளூர் வரியை நம்பியே நடந்தது. ஊரார் தேர்ந்தெடுத்த சிலர் பள்ளிக் குழுவாக அமைந்து ஆசிரியரை அமர்த்தினார்கள், சம்பளத்தைப் பேசினார்கள், வேண்டாமென்றால் விலக்கினார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஆறு வயதுக் குழந்தையும், உழவு முடிந்த பிறகே பள்ளிப்பக்கம் தலைகாட்டும் பதினெட்டு வயது இளைஞனும் ஒரே அறையில் இருந்தார்கள். ஒரு பிரிவு முன்னால் வந்து பாடத்தை ஒப்பிக்கும்போது மற்றவர்கள் தத்தம் இடத்தில் சிலேட்டோடு மௌனமாக இருக்க வேண்டும் என்பது அங்கே எழுதாச் சட்டம். அடுப்பின் அருகே இருந்தவர்களுக்கு முகம் எரியும். சுவரோரம் இருந்தவர்களுக்கு விரல் விறைக்கும். ஆகவே அந்த அறையில் ஒழுங்கு என்பது பாடம் நடப்பதற்கே அடிப்படை நிபந்தனையாக இருந்தது. மௌனம் கலைந்த கணத்தில் பள்ளிக்கூடமும் கலைந்துவிடும்.

ஆண்டு முழுவதற்கும் ஒரே ஆசிரியர் என்ற ஏற்பாடு அந்தப் பள்ளிகளில் அரிது. இலையுதிர்காலம், குளிர்காலம், வசந்தம் என்று பருவத்துக்கொரு ஒப்பந்தம்; ஒருவர் போய் மற்றொருவர் வருவார். பெரிய பையன்கள் திரளாக வரும் குளிர்காலப் பருவத்துக்கு ஆண் ஆசிரியரையும், சிறு குழந்தைகள் மட்டும் வரும் மற்றப் பருவங்களுக்குக் குறைந்த சம்பளத்தில் பெண் ஆசிரியரையும் அமர்த்துவது பல ஊர்களின் வழக்கம். இதனால் பெண் ஆசிரியர் எவ்வளவு படித்தவராயினும், அசல் ஆசிரியர் வரும்வரை இடத்தை நிரப்பி வைப்பவர் என்ற எண்ணம் ஊரிலும் மாணவரிடத்திலும் ஊறியிருந்தது. பதிலி ஆசிரியரை மாணவர்கள் நடத்தும் விதம் எந்த நாட்டுப் பள்ளியிலும் படித்தவர்களுக்குத் தெரியும். அந்த அறையில் ஒவ்வோர் ஆசிரியையும் வேலையில் சேர்ந்த நாள்முதலே பதிலிதான். பல ஊர்களில் ஆசிரியருக்குத் தனி வீடும் கிடையாது. மாணவர் வீடுகளில் முறைவைத்துத் தங்க வேண்டும். பகலில் கண்டித்த பையனின் தாய் பரிமாறும் உணவை இரவில் உண்ண வேண்டியிருந்தவரின் அதிகாரம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியிருக்கும் என்பதை எண்ணிப்பார்க்கலாம்.

அந்த மெல்லிய நூலுக்கு வலுவூட்ட ஊரார் அறிந்திருந்த கருவிகள் பிரம்பும் சாட்டையுமே. லாரா வைல்டர் தம் கணவர் அல்மான்சோவின் இளமையை ‘ஃபார்மர் பாய்’ என்ற தலைப்பில் 1933-இல் எழுதினார். நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில் மலோன் என்ற ஊரை ஒட்டிய பண்ணையில், 1860-களின் நடுவில் நடக்கும் அந்தக் கதையின் தொடக்கமே ஒரு பள்ளிக்கூடக் கொடுமைதான். முரட்டுப் பையன்கள் சிலர் கூட்டமாகச் சேர்ந்து ஆசிரியரை அடித்துத் துரத்துவதைக் குளிர்காலந்தோறும் விளையாட்டாகக் கொண்டிருக்கிறார்கள். முந்தைய ஆசிரியர் அவர்களிடம் பட்ட அடியால் இறந்தே போகிறார். புதிதாக வரும் இளம் ஆசிரியர் மென்மையானவர், ஒல்லியானவர். முறைப்படி அல்மான்சோவின் வீட்டில் வந்து தங்குகிறார். வீட்டுத் தலைவர் அவரிடம் மாடு ஓட்டும் நீண்ட சாட்டையைக் கொடுத்தனுப்புகிறார். குறித்த நாளில் பையன்கள் பாய்ந்து வரும்போது மேசையிலிருந்து சாட்டை வெளிவருகிறது. கூட்டத்தின் தலைவன் அலறி ஓடுகிறான். அன்றுமுதல் பள்ளி அமைதியாக நடக்கிறது. ஊர் மெச்சுகிறது, வாசகரும் மெச்சுகிறார். கதைப்படி அந்தப் பள்ளியில் படிக்கும் குழந்தைகளில் ஒருத்தி அல்மான்சோவின் அக்காள் எலைசா ஜேன்.

அந்தச் சிறுமி வளர்ந்து ஆசிரியையானபோது சாட்டையை மறுத்தாள் என்பதை வாசகர்கள் போதிய அளவு கவனித்ததில்லை. டி ஸ்மெட் பள்ளியில் மிஸ் வைல்டராக அவர் முதல் நாள் வகுப்பில் நின்று சொல்வது, அடித்து அடக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, அன்பால் ஆளவே விரும்புகிறேன், எல்லாரும் நண்பர்களாக இருப்போம் என்பதுதான். நூலில் இது ஒரு பேதைமையின் அடையாளமாகவே வருகிறது. பெரிய மாணவிகள் கூச்சத்தோடு தலைகுனிகிறார்கள். ஆனால் இது அந்தத் தனிப்பெண்ணின் பேதைமை அன்று. மாசசூசெட்ஸ் மாநிலக் கல்விச் செயலாளராக இருந்த ஹொரேஸ் மான், ஐரோப்பியப் பள்ளிகளைக் கண்டுவந்து 1840-களில் எழுதிய அறிக்கையில், பிரஷ்ய ஆசிரியர்கள் அடியின்றிக் கற்பிப்பதைப் புகழ்ந்ததும், அதனால் கொதித்தெழுந்த பாஸ்டன் தலைமையாசிரியர்கள் 31 பேர் அவரை எதிர்த்து எழுதியதும் அமெரிக்கக் கல்வி வரலாற்றின் புகழ்பெற்ற வழக்கு. தண்டனைக்குப் பதிலாக அறவுரையாலும் பாசத்தாலும் மாணவரை வழிப்படுத்தும் இந்த முறை, ஆசிரியப் பயிற்சிக்கென 1839 முதல் தோன்றிய ‘நார்மல் ஸ்கூல்’ எனப்படும் கல்விக்கூடங்களின் வழியே பரவியது. கல்வியாளர் காதரின் பீச்சர் போன்றோரின் முயற்சியால், 1847 முதல் பத்தாண்டுகளில் ஏறத்தாழ 600 பெண் ஆசிரியர்கள் கிழக்கிலிருந்து மேற்குக்கு அனுப்பப்பட்டபோது, பெண்ணின் இயல்பான அன்பே போதும், பிரம்பு வேண்டாம் என்ற வாதமே அவர்களுக்குத் துணையாக அனுப்பப்பட்டது. மேடையில் அழகாக இருந்த அந்த வாதம், பனிக்காற்று வீசும் ஒற்றையறைப் பள்ளியில் யாருடைய துணையுமின்றிச் சோதிக்கப்பட்டது. சோதித்தவர்கள் முப்பதைத் தொட்டும் தொடாமலும் இருந்த பெண்கள்.

எலைசா ஜேன் 1850-ஆம் ஆண்டின் முதல் நாளில் பிறந்தவர். மலோனில் இருந்த ஃபிராங்க்ளின் அகாடமியில் படித்தார்; குடும்பம் மின்னசோட்டாவுக்குப் பெயர்ந்தபின் அங்கும் ஆசிரியப் பணி செய்தார். டி ஸ்மெட் அருகே அவர் நிலம் கோரியது தம் சொந்தப் பெயரில். தனியொரு பெண்ணாக ஒரு பலகைக் குடிலில் வாழ்ந்து, நிலத்தை உடைத்துப் பயிரிட்டு, ஐந்தாண்டுக் கெடுவை நிறைவு செய்ய வேண்டிய நெருக்கடி அவருக்கு இருந்தது. பள்ளி வேலை அவருக்குக் கைச்செலவுக்கு வழி. லாராவின் நூலில் இந்த நிலத்தின் பாரம் பெயரளவுக்கே வருகிறது. மேசைக்குப் பின்னால் நின்றவர் காலையில் எந்தக் குடிலிலிருந்து எழுந்து வந்தார் என்பது மாணவிக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை; அதை அறிந்துகொள்ளும் கடமை இன்று படிப்பவர்களுக்குத்தான்.

இனி, வாசகரின் தீர்ப்புக்குக் காரணமான ஒரு பெஞ்சின் கதை. பள்ளியின் இருக்கைகள் தரையோடு முடுக்கப்பட்டவை. லாராவின் தங்கை கேரியும் அவள் தோழியும் உட்கார்ந்திருந்த இருக்கையின் முடுக்கம் தளர்ந்திருந்தது. படிப்பில் மூழ்கிய குழந்தைகள் தம்மை அறியாமலே உடலை அசைக்கிறார்கள். இருக்கை முன்னும் பின்னும் ஆடி மெல்லத் தட்டுகிறது. ஏற்கெனவே கலைந்துகிடந்த வகுப்பில் அந்தச் சிறு ஒலி ஆசிரியையின் காதில் கலகமாக விழுகிறது. ஆட விருப்பமானால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஆடிக்கொண்டே இருங்கள் என்று ஆணையிடுகிறார். தோழி வேறிடத்துக்கு நகர்ந்துவிடக் கேரி மட்டும் அந்தக் கனத்த மரத்தைத் தனியாக ஆட்டுகிறாள். கடுங்குளிர்காலத்தின் பட்டினியிலிருந்து இன்னும் தேறாத, மெலிந்த குழந்தை அவள். களைத்து வேகம் குறையும்போது, இன்னும் வேகமாக என்கிறார் ஆசிரியை. அப்போது லாரா எழுந்து, தங்கை ஆட்டும் வேகம் போதாதென்றால் தானே ஆட்டுவதாகச் சொல்லி அவளருகில் போய் உட்காருகிறாள். வலுவான அவள் கால்கள் உந்த, தட்டொலி தரையெங்கும் அதிர்கிறது, வகுப்பில் ஒருவரும் படிக்க முடியவில்லை. முடிவில் அக்காளும் தங்கையும் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள்.

இந்தக் காட்சியில் எலைசா ஜேனுக்காக வாதாட இடமில்லை. பலவீனமான குழந்தையின் உடலைத் தண்டனையின் கருவியாக்கியது கொடுமை. பிரம்பைத் துறந்துவிட்டேன் என்று சொன்னவர், பிரம்பைவிட நீளமாக வலிக்கும் வேறொன்றைக் கண்டெடுத்திருக்கிறார். ஆயினும் அவர் எப்படி அங்கே வந்து சேர்ந்தார் என்பதைப் பார்க்க வேண்டும். அடிக்க மாட்டேன் என்ற வாக்குறுதியை முதல் நாளே கொடுத்துவிட்டார். அதன்பின் அந்த அறையில் பையன்கள் சோதித்துப் பார்க்காத எல்லை இல்லை. அன்பு உடனே பலன் தரவில்லை. அன்புக்கு நாள் வேண்டும், அவருக்கு ஒப்பந்தத்தில் இருந்ததோ ஒரே பருவம். அடியும் இல்லாமல் அன்பும் முதிராமல் நின்ற இடைவெளியில் கையில் கிடைப்பது ஏளனம், வெட்கப்படுத்துதல், ஒருவரைக் கொண்டு மற்றவரை வேவு பார்த்தல் ஆகியவைதாம். தம்மிடம் இனிக்கப் பேசிய ஒரு மாணவியின் சொல்லை நம்பி, பள்ளிக் குழுவில் தந்தை இருப்பதால் லாரா தம்மை மதிப்பதில்லை என்று எலைசா ஜேன் முடிவுகட்டிவிடுகிறார். பெரிய பையன்களைத் தொட முடியாத கோபம் தொடக்கூடிய குழந்தையின்மேல் இறங்குகிறது. எந்தப் பள்ளியிலும் வலுவிழந்த ஆசிரியர் இப்படித்தான் தவறுகிறார்: எதிர்க்கத் தகுந்தவரை விட்டுவிட்டு அடங்கத் தகுந்தவரைத் தேர்ந்தெடுக்கிறார்.

அதன்பிறகு வகுப்பு முற்றிலும் கைநழுவுகிறது. லாரா நேரடியாகக் குறும்பு எதையும் தொடங்குவதில்லை. மற்றவர்களின் குறும்பைக் கண்டு அவள் முகத்தில் எழும் சிரிப்பே அனுமதியாகிவிடுகிறது. எலைசா ஜேன் சிறுமியாக இருந்தபோது பள்ளித் தோழர்கள் வைத்த கேலிப்பெயர் ஒன்று, சோம்பேறி என்றும் தலையில் பேன் பிடித்தவள் என்றும் பொருள்படுவது, எப்படியோ வகுப்பில் பரவுகிறது. அந்தப் பெயரை வைத்துத் தோழிக்காக லாரா சிலேட்டில் நான்கு வரி கட்டுகிறாள். அது பையன்களின் வாய்க்குப் போய்த் தெருவில் பாட்டாக ஒலிக்கிறது. தான் செய்ததை எண்ணி லாரா வெட்கப்படுவதாக நூல் சொல்கிறது, உண்மையான வெட்கமாகவே அது படுகிறது. ஆனால் மறுபக்கம் ஒன்று எழுதப்படவில்லை. சிறுவயதில் தன்னைத் துரத்திய ஒரு பெயர், பல மாநிலங்களைத் தாண்டி, முப்பதைக் கடந்த வயதில், தான் மேசைக்குப் பின்னால் நிற்கும் அறையின் சன்னல் வழியே மீண்டும் கேட்கும்போது ஒரு பெண்ணுக்கு என்ன ஆகும் என்பதே அது. பிற்பாடு பள்ளிக் குழுவினர் வந்து பார்க்கிறார்கள். மூவரில் ஒருவர் லாராவின் தந்தை. குழப்பத்துக்குக் காரணம் லாரா என்று அவர் எதிரிலேயே ஆசிரியை சொல்கிறார். பருவம் முடிகிறது, குளிர்காலத்துக்கு ஓர் ஆண் ஆசிரியர் வருகிறார்.

இந்தப் பகையின் அடியில் ஓடும் ஓர் அச்சத்தை நூல் நேராகப் பேசாவிட்டாலும் மறைக்கவும் இல்லை. லாராவின் மூத்த சகோதரி மேரி 1879-இல் பார்வை இழந்தவர். அயோவாவில் வின்டன் என்ற ஊரில் இருந்த பார்வையற்றோர் கல்லூரியில் அவரைப் படிக்கவைக்கக் குடும்பத்துக்குப் பணம் தேவை. அதற்காக லாரா ஆசிரியையாக வேண்டும் என்பது வீட்டில் எப்போதோ முடிவான செய்தி. அவளுக்கு அந்த வேலையில் விருப்பமில்லை. எனவே வகுப்பில் உட்கார்ந்து மிஸ் வைல்டரைப் பார்க்கும் மாணவி, ஓரிரு ஆண்டுகளில் தான் நிற்கப்போகும் இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தோற்றுக்கொண்டிருக்கும் ஓர் ஆசிரியையைப் பார்த்துச் சிரிப்பவர்கள் மற்றவர்கள். அவளுக்கு அந்தச் சிரிப்பில் வேறொன்றும் கலந்திருந்திருக்க வேண்டும்.

அந்த நாள் விரைவிலேயே வருகிறது. 1943-இல் வெளிவந்த ‘தீஸ் ஹாப்பி கோல்டன் இயர்ஸ்’ நூலின் தொடக்கத்தில், பதினைந்து வயது லாரா ஊரிலிருந்து 12 மைல் தள்ளிக் கைவிடப்பட்ட ஒரு பலகைக் குடிலில் நடக்கும் பள்ளிக்கு ஆசிரியையாகப் போகிறாள். பதினாறு நிறைந்தவருக்கே சான்றிதழ் என்பது விதி. தேர்வாளர் வயதைக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இரண்டு மாதத்துக்குச் சம்பளம் 40 டாலர். மாணவர்கள் ஐவர், அவர்களில் கிளாரன்ஸ் என்ற பையன் அவளைவிட உயரம். பலகை இடுக்குகள் வழியாகப் பனித்தூள் உள்ளே விழுகிறது. கிளாரன்ஸ் பாடம் படித்து வருவதில்லை, பக்கத்துப் பெண்ணின் சடையைக் கத்தி முனையால் குத்திவைக்கிறான், கேட்டால் அலட்சியமாகச் சிரிக்கிறான். அடிக்க அவளுக்கு வலுவில்லை, அடித்தாலும் தோற்பாள். எலைசா ஜேன் நின்ற அதே இடத்தில் அவள் நிற்கிறாள், இன்னும் சிறிய வயதில்.

அவள் தப்பியதற்கு ஒரு காரணம் உண்டு. அது அவளுடைய அன்போ உறுதியோ மட்டும் அன்று. வார இறுதிதோறும் அவளை வீட்டுக்கு அழைத்துவரக் கடுங்குளிரில் சறுக்குவண்டி ஓட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். வீட்டில் தாய் இருந்தார். தாய் காரலைன் மணத்துக்கு முன் விஸ்கான்சினில் ஆசிரியையாக இருந்தவர். அந்தப் பையனோடு நேருக்குநேர் மோதாதே, அவன் விரும்புவது கவனத்தை, அதைக் கொடுக்காமல் வேறுவழியில் நடத்து என்று அவர் சொல்லிக்கொடுக்கிறார். லாரா திரும்பிப் போய், நீளமான பாடம் அவனுக்குக் கடினமாக இருக்குமென்று இனிமையாகச் சொல்லி, குறைத்துக் கொடுக்கிறாள்; தன்மானம் உறுத்த, கிளாரன்ஸ் விட்ட பாடத்தையெல்லாம் இரவில் உட்கார்ந்து படித்து வந்துவிடுகிறான். ஓர் ஆசிரியருக்கு இன்னொரு ஆசிரியர் இரவில் அடுப்படியில் உட்கார்ந்து சொல்லும் இரண்டு வாக்கியங்கள் எவ்வளவு பெரிய படையாக நிற்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. எலைசா ஜேன் இரவில் திரும்பிய குடிலில் அப்படிச் சொல்ல ஒருவரும் இல்லை. அந்த 12 மைலும் சறுக்குவண்டி ஓட்டி வந்தவர் அல்மான்சோ, எலைசா ஜேனின் தம்பி.

1885 ஆகஸ்டில் லாரா அவரை மணந்தபோது, வகுப்பறைப் பகை குடும்பத்து உறவாகிவிட்டது, ஆசிரியை நாத்தனாரானார். பிற்காலத்தில் லாரா தம் வாழ்வைக் கதையாக்கியபோது, புண்படக்கூடியவர்களின் பெயர்களை மாற்றினார். அந்தப் பலகைக் குடில் பள்ளியில் கற்பித்தபோது தாம் தங்கியிருந்த குடும்பத்துக்கு வேறு பெயர் கொடுத்தார். பள்ளிப் பருவத்தில் தம்மை வதைத்த மூன்று வெவ்வேறு சிறுமிகளைக் கலந்து நெல்லி ஓல்சன் என்ற ஒரே பாத்திரமாக்கினார். ஆகவே அந்த மூவரும் பெயரளவில் தப்பினார்கள். எலைசா ஜேனுக்கு மட்டும் அந்த மறைப்பு கிடைக்கவில்லை. கணவரின் அக்காளை வேறு பெயரில் எழுதினால் கதையின் கண்ணி அறுந்துவிடும். அவர் 1930-இல் இறந்தார். அவரை வெறுக்கவைத்த நூல் பதினோராண்டு கழித்து வந்தது.

எலைசா ஜேனும் எழுதத் தெரிந்தவரே. தம் நிலவுரிமை தொடர்பாக, புல்வெளியில் தனியாகப் பட்ட இன்னல்களை விவரித்து அரசின் உள்துறைக்கு அவர் எழுதிய நீண்ட கடிதம் இன்றும் கிடைக்கிறது. அதைப் படித்தவர்கள் அதிகாரிகள் சிலரும் பின்னாளைய ஆய்வாளர்களும். மாணவியின் நூலைப் படித்தவர்கள் கோடிக்கணக்கானோர். பின்னர் அவர் வாஷிங்டனில் அரசு அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரிந்தார். 1893-இல் மணம் செய்துகொண்டு லூசியானா மாநிலத்தின் கிரௌலி என்ற ஊருக்குப் போனார். 44 வயதில் ஒரு மகனைப் பெற்றார். நெல்வயல்கள் சூழ்ந்த அந்தக் கிரௌலிக்கு 1903-இல் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி ரயிலேறி வந்தாள்: லாராவின் ஒரே மகள் ரோஸ். மிசௌரியில் பெற்றோர் வாழ்ந்த சிற்றூர்ப் பள்ளியில் அவள் அறிவுப் பசிக்கு மேற்கொண்டு எதுவும் இல்லை. அத்தையின் வீட்டில் ஓராண்டு தங்கி, லத்தீன் உட்பட எல்லாம் படித்து, 1904-இல் உயர்நிலைப் பள்ளியை முடித்தாள். பிற்காலத்தில் புகழ்பெற்ற எழுத்தாளராகி, தாயின் நூல்கள் உருவாவதில் பெரும்பங்கு ஆற்றிய ரோஸ் வைல்டர் லேன் அவள்தான். தம் மகள் படிப்பில் மேலே போக வேண்டும் என்றபோது, லாரா அவளை ஒப்படைத்தது அந்த ஆசிரியையிடம். எதிரும்புதிருமாக நின்ற அந்த இருவருக்குள் அதற்கு முன்போ பின்போ என்ன பேச்சு நடந்ததென்று எந்த நூலும் சொல்லவில்லை.

‘ஃபார்மர் பாய்’ நூலில், சாட்டைக் காட்சிக்கு நெடுந்தொலைவு தள்ளி, இன்னொரு காட்சி இருக்கிறது. பெற்றோர் ஒரு வாரம் வெளியூர் போயிருக்கும்போது குழந்தைகள் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார்கள். எலைசா ஜேன் எல்லாரையும் ஏவுகிறாள், திருத்துகிறாள், விடாமல் நச்சரிக்கிறாள். பின்னாளைய ஆசிரியை அப்படியே அங்கே இருக்கிறாள். வரவேற்பறையின் அடுப்புக்குக் கறுப்பு மெருகிட்டுக்கொண்டிருந்த அல்மான்சோ பொறுமையிழந்து, கையிலிருந்த தூரிகையை அவளை நோக்கி எறிகிறான். அவள் குனிந்துகொள்கிறாள், தூரிகை சுவரில் மோதுகிறது. வெள்ளையும் பொன்னிறமுமான சுவர்க்காகிதத்தில், தாய் உயிராய்ப் போற்றும் அறையில், கறுப்பு மை தெறித்து வழிகிறது. பெற்றோர் திரும்பியபின் ஒவ்வொரு நாளும் அவன் அச்சத்தோடு கழிக்கிறான். ஒரு மாலை விருந்தினர் வந்து அந்த அறை திறக்கப்படுகிறது. அவன் நடுங்கிக்கொண்டே சுவரைப் பார்க்கிறான், கறை இல்லை. எலைசா ஜேன் பரணில் மிஞ்சிக் கிடந்த காகிதத் துண்டைத் தேடி எடுத்து, பூ வேலைப்பாடு பிசகாமல் வெட்டி, ஓரங்களை மெல்லியதாகச் சீவி, பசை தடவி, கறையின்மேல் ஒட்டியிருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. அவனைச் சீண்டியது தன் தவறும்தான் என்று பிறகு தனியாக அவனிடம் ஒப்புக்கொள்கிறாள்.

இதை அல்மான்சோ எழுபது வயதுக்குமேல் நினைவுகூர்ந்து மனைவிக்குச் சொல்லியிருக்க வேண்டும். வேறு யாரும் அறியாத செய்தி அது. மனைவி அதைக் கேட்டு, அக்காளின் பெயரோடு, அந்தக் காகிதத்தின் ஓரம் எப்படிச் சீவப்பட்டிருந்தது என்பதுவரை எழுதிவைத்திருக்கிறார், தளர்ந்த பெஞ்சைப் பற்றி எழுதுவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்.